ஆரியசாலை மாடியில் பிரெஞ்சு வினைச்சொற்கள்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் பாதிப் படி ஏறும்போதே தும்மத் தொடங்கிவிடுவார்கள். கீழ்த்தளம் முழுவதும் வற்றல் மிளகாய் மொத்தக்கடை. காலையில் லாரியிலிருந்து சாக்குகளை இறக்கும்போது கிளம்புகிற நெடி முதலில் மாடிப்படியைத்தான் பிடிக்கும்; கடை அடைக்கும்வரை இறங்காது. திருவனந்தபுரத்துக்கு வந்து இந்த ஆரியசாலைச் சந்தில் குடியேறிய புதிதில் நானும் என் மனைவியும் மாதக்கணக்கில் தும்மினோம். பிறகு நின்றுவிட்டது. இப்போது எப்போதாவது காரைக்காலுக்குப் போய்க் கடற்கரையில் நின்றால் அங்கேதான் எனக்குத் தொண்டை கமறுகிறது. பிறந்த ஊரின் காற்றைத் தாங்காத உடம்பு, பிழைக்க வந்த ஊரின் மிளகாய்த் தூசியைக் கண்டுகொள்வதே இல்லை.

இந்த மாடியில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவந்தேன். மாணவர்கள் தும்மலுக்கு நடுவில் வினைச்சொற்களை ஒப்பிப்பார்கள். மிளகாய்க்கடை அண்ணாச்சியின் குடும்பம் தாத்தா காலத்தில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் கீழே இருந்தபடியே குரல் கொடுப்பார். “சார்வாள், இன்னைக்குப் புதுப் பிள்ளை போல இருக்கே? தும்மல் புதுசா கேக்குது!” இப்போது நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏன் நிறுத்தினேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களும், என்னைப் போல் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டவர்களும் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

காரைக்கால்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பிரெஞ்சு படித்தவன் பாரிசுக்குப் போகாமல் கேரளத்துக்கு ஏன் போனான்? எங்கள் ஊரில் பிரெஞ்சு ஒரு மொழியாக இருந்ததைவிட ஒரு கப்பலாக இருந்தது. ஏற உரிமை உள்ளவர்கள் ஏறிப் போனார்கள். என் அப்பா பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்சி மாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் எழுதிக்கொடுக்கவில்லை. ஆகவே எனக்கு மொழி வந்தது, கப்பல் வரவில்லை. எம்.ஏ. முடித்ததும் இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ரயிலேறி மேற்கே வந்தேன். இங்கே யாருக்கும் பிரெஞ்சு பேசும் எண்ணம் இருக்கவில்லை. இரண்டாம் மொழியாக மலையாளத்தை எடுத்தால் பக்கம் பக்கமாக எழுதித் தேய வேண்டும். பிரெஞ்சை எடுத்தால் மார்க் கொட்டும். அதற்காகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். நானும் மார்க் கொட்டுகிற வழியைக் கண்டுபிடித்தேன்.

அந்த வழி இதுதான். மலையாளிப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவாகத் தெரிந்தது ஆங்கிலம். ஆங்கிலத்தின் பாதி வீடு பிரெஞ்சுக்காரன் கட்டியது. நார்மண்டிக்காரர்கள் கடல் கடந்து போய் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டபோது விட்டுப்போன சொற்கள் அங்கே வேரூன்றிவிட்டன. ஃபினீர் என்றால் முடித்தல். ‘நாங்கள் முடிக்கிறோம்’ என்று சொல்லும்போது அது நூ ஃபினிஸ்ஸோன் ஆகும். நடுவில் ஒரு ‘இஸ்’ வந்து உட்காரும். அந்த ‘இஸ்’தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘இஷ்’ ஆகி, ஃபினிஷ் ஆயிற்று. ப்யுனீர், தண்டித்தல், பனிஷ். நூரீர், ஊட்டி வளர்த்தல், நரிஷ். ஷெரீர், பேணுதல், செரிஷ். பெரீர், மடிதல், பெரிஷ். எத்யுதியே என்ற சொல்லின் தலையில் ஒரு ‘ஸ்’ வைத்துப் பாருங்கள், ஸ்டடி தெரியும். எத்ராங்க்ளே, ஸ்ட்ராங்கிள். கரும்பலகையின் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம், நடுவில் ஓர் அம்பு. பிள்ளைகள் ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் கற்றுக்கொள்வார்கள். ஆண்டுதோறும் கல்லூரியில் என் பாடத்தில்தான் மார்க் அதிகம். அத்தனை வருஷத்தில் என் வகுப்பிலிருந்து போன ஒருவர்கூட என்னிடம் ஒரு சங்கதியைப் பிரெஞ்சில் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. முடித்தல், வளர்த்தல், பேணுதல் என்று எல்லாச் செயலும் பலகையில் இருந்தது. யாரும் எதையும் செய்யவில்லை.

ஓய்வுபெற்றபின் காலம் மாறிவிட்டது. நான் வந்து சேர்ந்த ஊரை விட்டு எல்லோரும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கினால் ஜெர்மன் கற்கலாம், ஜப்பானியம் கற்கலாம், நர்ஸ்களுக்குத் தனி வகுப்பு என்று பலகைக்கு மேல் பலகை. இங்கே வீடுகளில் யாராவது ஒருவர் எப்போதும் ஒரு விசாவுக்குக் காத்திருப்பார். பிழைக்க வந்தவன் நான் மட்டும் தங்கிவிட்டேன். மகன் இங்கே பிறந்து வளர்ந்து மெல்போர்னுக்குப் போய்விட்டான். அவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும்தான் சரளம். ஞாயிற்றுக்கிழமை போனில் தமிழில் ஆரம்பிப்பான், இரண்டாவது வாக்கியத்தில் வழுக்கிவிடுவான்.

என் மனைவிக்கு ஓய்வுக்குப் பிறகு காரைக்காலுக்கே திரும்பிவிட ஆசை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். கிளம்பாததற்குக் காரணம் எதுவும் இல்லை. யாராவது ஓர் இடத்தை விட்டுப் போகிறார்கள் என்றால் எனக்கு ஒரு பயம் வரும். அது நானாகவே இருந்தாலும்கூட. அவள் இங்கேயே இறந்துபோய்விட்டாள். அதன் பிறகு இந்த மாடியில் தமிழ்ச் சத்தம் நின்றது. அண்ணாச்சி தமிழ் பேசுவார்தான், ஆனால் அவர் தமிழ் படிக்கட்டு வரைக்கும்தான். அவருக்குக் கடை இருக்கிறது. சில நாட்களில் சாயங்காலம் ஆகும்போதுதான் தெரியும், அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்று.

அந்த நிலையில் ஒரு மத்தியானம் ஸ்டெல்லா படியேறி வந்தாள். தும்மி முடிக்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

“சாரே, நான் பாறசாலை. இங்க ஆஸ்பத்திரியில நர்ஸாக்கும். பிரெஞ்சு படிச்சா கனடாவுக்குப் பாயின்ட் கூடும்னு சொன்னாவ. எனக்குத் தலையில ஏறுமா?”

“ஏறும். பாடம் மலையாளத்தில் வேண்டுமா, இங்கிலீஷிலா?”

“உங்களுக்குத் தமிழ் தெரியும்லா? பின்ன எதுக்கு மத்தது?”

பாறசாலை கேரளத்தின் தென்கோடி. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே பாத்திரத்தில் வேகும். அவளுக்கு நினைவு ‘ஓர்மை’, வேலை ‘சோலி’. அது என் தமிழ் இல்லை. ஆனாலும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “செரி, தொடங்குங்க சாரே” என்றபோது வீட்டில் ஒரு விளக்கைப் போட்டது போல் இருந்தது. காலை ட்யூட்டி உள்ள நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வருவாள். பாடம் முடித்து சாயங்காலப் பாசஞ்சர் ரயிலில் ஊருக்குப் போவாள். நான் கட்டணம் வேண்டாம் என்றேன். அன்று அதைத் தருமம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, காசு வாங்காத வாத்தியாரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று. அவள் பதிலுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவருவாள்.

கனடாவுக்குக் குடியேற விரும்புகிறவர்களுக்கு வயது, படிப்பு, அனுபவம், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. வயது ஏற ஏறப் புள்ளி இறங்கும். பிரெஞ்சு தெரிந்தால் கூடும். ஆங்கிலத் தேர்வை அவள் முன்பே எழுதியிருந்தாள், ஆனால் அந்த முடிவு குறிப்பிட்ட காலம்தான் செல்லும். ஆக, அவளுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அது மெதுவாக மூடிக்கொண்டும் இருந்தது. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். இன்னொன்றையும் சொன்னாள்.

“கல்ஃபுக்குன்னா எனக்கு நாளைக்கே வேலை கிட்டும் சாரே. ஆனா நான் மட்டும்தான் போக முடியும். எங்க அம்மை மஸ்கட்டுல வீட்டுச் சோலிக்குப் போனவ. நான் அம்மையப் பாத்து வளரல. வருஷத்துக்கு ஒருக்க ஒரு பெட்டி வரும், பெட்டிகூட ஒரு பொம்பிளையும் வருவா. அவ்வளவுதான் எனக்கு அம்மை. என் ஜெனிக்கு அது வேண்டாம். கனடான்னா மூணு பேரும் சேந்து போலாம்.”

ஜெனி அவள் மகள், மூன்றாம் வகுப்பு. கணவர் பாறசாலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

ஸ்டெல்லா என் கல்லூரிப் பிள்ளைகளைப் போலப் படிக்கவில்லை. அம்பு போட்டு நான் காட்டும் ஆங்கில உறவுகளைக் கேட்டுக்கொள்வாள். அடுத்த நாளே அந்தச் சொல்லை வைத்து ஏதாவது சொல்ல முயல்வாள். உறவு போல முகம் காட்டி ஏமாற்றுகிற சொற்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. அத்தாந்த்ர், பார்க்க அட்டெண்ட் போல இருக்கும், பொருள் காத்திருத்தல். ரெஸ்தே என்பது ரெஸ்ட் எடுப்பதல்ல, தங்கிவிடுதல். தெமாந்தே அதிகாரமாய்க் கேட்பதல்ல, சும்மா கேட்பது. ப்ளெஸ்ஸே என்றால் ஆசீர்வதிப்பதல்ல, காயப்படுத்துவது என்று சொன்னேன். “ஐயோ, எங்க சபையில இதைச் சொல்லிராதிய சாரே! பாஸ்டர் பிரான்சுக்குப் போனா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்திருவாவ!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள். கீழேயிருந்து அண்ணாச்சி, “சார்வாள், அது பாடமா, கச்சேரியா?” என்றார்.

சந்து முனையில் டீக்கடை. ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது கடைக்காரர் மலையாளத்தில் கேட்டார், “மோளாணோ சாரே?” மகளா என்கிறார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தேன். அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டு அவளுக்கு டீயில் பாலாடை போட்டுக் கொடுத்தார். சாலையில் இறங்கியதும் ஸ்டெல்லா சொன்னாள். “எனக்கு அப்பா உண்டு சாரே. பாறசாலையில வாழை வச்சுகிட்டு நல்லாத்தான் இருக்காரு. ரெண்டாவது ஒண்ணு வேண்டாம், கேட்டியளா?” விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று வீடு திரும்பும்வரை எனக்கு முகம் சுட்டது. இதைப் படிக்கிறவர்களுக்கு வேறு எண்ணம் வரலாம். அது இல்லை. அதுவாக இருந்திருந்தால் நானே என்னை விரட்டியிருப்பேன். இந்தப் பற்று ‘வாத்தியாரின் பொறுப்பு’ என்ற சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் கதவைத் திறந்து உள்ளே விட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவள் கேட்டாள், “பரிச்சைக்கு டேட் எடுக்கட்டா சாரே?” இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றேன். அது உண்மை. அப்போது அவள் தயாராக இல்லை.

பிறகு ஒருநாள், மழைக்காலம், வந்து உட்கார்ந்ததும் தமிழில் எதுவும் பேசாமல் பிரெஞ்சில் ஆரம்பித்தாள். சாயங்காலப் பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் நடந்த கதை. வேலை முடிந்து ஊர் திரும்பும் பெண்கள் ராத்திரிக் குழம்புக்கான காய்கறியை ரயிலிலேயே நறுக்கிவிடுவார்கள். நெய்யாற்றின்கரை வரும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில், ஒருத்தியின் பீன்சும் இன்னொருத்தியின் பீன்சும் கீழே கொட்டிக் கலந்துவிட்டன. ஒருத்தியுடையது பிஞ்சு, மற்றவளுடையது முற்றல். பிஞ்சுக்காரி ஒவ்வொன்றாகப் பொறுக்க, முற்றல்காரி “எல்லாம் ஒண்ணுதான் சேச்சி” என்று அள்ளிக்கொள்ள, பெட்டியே இரண்டு கட்சியாகி, கடைசியில் இறங்கவேண்டிய ஸ்டேஷனை இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். தப்புகள் இருந்தன. காலம் மாறியது, ஆண்பால் பெண்பால் மாறியது, ஒரு வினை இல்லாமலே போனது. ஆனால் நான் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். முற்றல்காரியின் குரல் எனக்குக் கேட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். வாழ்நாள் முழுக்கப் பிரெஞ்சு வாத்தியாராக இருந்த நான், ஒருவர் பிரெஞ்சில் சொன்னதைக் கேட்டு எதிரில் உட்கார்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

“செரியா வந்துதா சாரே? டேட் எடுக்கட்டா?” அவள் முகம் மின்னியது.

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு அந்தப் பழைய பயம் வந்தது. இவள் போகப்போகிறாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “நன்றாக இருந்தது. ஆனால் சுப்ஜோன்க்திஃப் இன்னும் ஆகவில்லையே. அது இல்லாமல் போனால் பேச்சுத் தேர்வில் பிடித்துவிடுவார்கள்” என்றேன். அது வினைச்சொற்களின் ஒரு வகை வடிவம். அவளுடைய தேர்வுக்கு அதன் மேலோட்டமே போதும். எனக்குத் தெரியும்.

அவள் முகத்தின் மின்னல் அணைந்தது. “செரி சாரே. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்று பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் விவரமாக எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வினைச்சொற்களுக்கு முடிவே கிடையாது. ஒரு வாத்தியார் மனது வைத்தால் ஒருவரை ஆயுள் முழுக்க அதில் உட்கார வைக்கலாம். தெனீர் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருத்தல் என்று பொருள். அதன் குடும்பம் பெரிது. ஒப்தெனீர், ஒப்டெய்ன், அடைதல். மேந்தெனீர், மெய்ன்டெய்ன், காத்துவருதல். ரெத்தெனீர், ரிடெய்ன், போகவிடாமல் வைத்துக்கொள்ளுதல். தெத்தெனீர், டிடெய்ன், அடைத்துவைத்தல். ஒவ்வொன்றுக்கும் எல்லாக் காலமும், எல்லா வடிவமும். அழகான பாடம், கூசாமல் நடத்தினேன். இடையிடையே அவள் கேட்டாள். ஒருமுறை உச்சரிப்பு என்றேன். ஒருமுறை, எழுத்துத் தேர்வில் கட்டுரை போதாது என்றேன். அவள் தானே ஏதாவது கதை சொல்லத் தொடங்கினால் நடுவில் நிறுத்தித் திருத்தினேன். மெல்ல மெல்ல அவள் கதை சொல்வதை விட்டாள்.

அண்ணாச்சி ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார்வாள், எங்கூட்டுப் பையன் இதே சமயத்துல கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேந்து, பாஸாகி, கல்யாணமும் ஆயிட்டு. அந்த நர்ஸம்மா இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கு. பரிச்சைக்கு விடுவியளா, இல்ல ஆயுசுக்கும் நீங்களே வச்சுக்கிடுவியளா?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தி அவளைக் கொச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் மாதிரித் தேர்வு. மறுநாள் ஸ்டெல்லா லட்டு டப்பாவோடு வந்தாள். “சாரே, அங்க உள்ள மேடம் ஆச்சரியப்பட்டுப் போனாவ. இவ்வளவு தெரிஞ்சு வச்சுகிட்டு ஒரு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேட்டாவ. நான் சொன்னேன், எங்க சார் அஸ்திவாரம் பலமாப் போட்டாருன்னு.” அவள் அதைப் பாராட்டாகவே என் கையில் கொடுத்தாள். நான் லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வருஷம் எங்கே போயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும்.

தேர்வில் நல்ல மார்க். ஆனால் அதற்குள் அவளுடைய ஆங்கிலத் தேர்வின் காலம் முடிந்துவிட்டது. மறுபடி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடிப்பதற்குள் பிறந்தநாள் வந்து வயதுப் புள்ளி இறங்கியது. புள்ளி போதாமல் கனடாவின் அழைப்பு வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. போன வருஷமே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று விசா ஏஜென்ட் சொன்னாராம். அடுத்த பிறந்தநாள் இன்னும் கொஞ்சம் குறைக்கும். இதற்கிடையில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, வீட்டில் நெருக்கடி, காத்திருக்க வழியில்லை. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தன் அம்மா போன அதே ஊர்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு விடைபெற வந்தாள். அவள் அப்பா நேந்திரங்காய் சீவி வறுத்துக் கொடுத்த உப்பேரிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒரு காரியம் கேக்கணும் சாரே. ஜெனிக்கு இனி லீவு நாள்ல நீங்க பிரெஞ்சு சொல்லிக் குடுக்கணும். அவ அப்பா கொண்டுவந்து விடுவாரு. நான் தாமசிச்சுட்டேன். எனக்கு மண்டையில ஏற நாளாயிட்டு. அவளுக்கு அப்படி ஆகக் கூடாது.”

நான் கேட்காமலே நான் ஆசைப்பட்டது கிடைக்கிறது. ஒரு குழந்தை இந்தப் படியேறி வரும். சாயங்காலம் தமிழ் பேசும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை என்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

“நீ தாமதிக்கவில்லை ஸ்டெல்லா. நான்தான்.”

“அப்படியெல்லாம் சொல்லாதிய சாரே. நீங்க இல்லைன்னா நான் ஒரு வார்த்தை படிச்சிருப்பேனா?”

அவள் அதைப் பெரியவரின் பணிவு என்று எடுத்துக்கொண்டாள். தப்பிக்க எனக்கு இன்னொரு வாய்ப்பு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“ரயிலில் பீன்ஸ் கலந்த கதை சொன்னாயே, அன்றைக்கே நீ தயார். அதற்கப்புறம் நான் சொன்னதெல்லாம் பொய். சுப்ஜோன்க்திஃப், உச்சரிப்பு, கட்டுரை, எல்லாம்.”

அவள் என்னையே பார்த்தாள். நோயாளி சொல்வதை நர்ஸ்கள் கேட்பது போல, முகத்தில் எதுவும் காட்டாமல். “எதுக்கு?”

“நீ போய்விடுவாய் என்று.”

கீழே சாக்கு விழும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க அம்மை கதைய நான் உங்கள்ட்ட சொன்னது அந்தப் பொய்க்கு முன்னயா, பின்னயா?”

அவள் முதல் வாரத்திலேயே சொன்னது. அவளுக்கும் அது தெரியும். என் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“முன்னால்” என்றேன்.

அவள் எழுந்தாள். நாற்காலியை மேசையோடு சேர்த்துப் போட்டாள். கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சரி சார். ஞான் எறங்ஙட்டே” என்றாள். நான் கிளம்புகிறேன் என்பதன் மலையாளம். திட்டவில்லை, குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற, சுத்தமான, மரியாதையான மலையாளம். இந்த மாடியில் அவள் அதை என்னிடம் அதுவரை பேசியதில்லை. நானும் என்னை அறியாமல் மலையாளத்திலேயே “ஆயிக்கோட்டே” என்றேன். இந்த ஊர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அது. ஆகட்டும் என்று பொருள். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலுக்குப் போனேன். மழைத் தூறல் தொடங்கியிருந்ததால் அவள் கடைச் சாய்ப்பின் கீழ் நின்று போனை எடுத்தாள். எனக்கு நேர் கீழே நின்றதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “மக்கா, சோறு தின்னியா? ... அம்மை இப்ப வண்டியேறிருவேன். ... இல்ல மக்கா, பிரெஞ்சு கிளாஸ் இல்ல. அதொண்ணும் வேண்டாம். நீ போய்க் களிச்சுக்கோ. ... அழாத பிள்ளே, போறதுக்கு இன்னும் நாள் கிடக்குல்லா?”

பேசிக்கொண்டே சாய்ப்பை விட்டு இறங்கி நடந்தாள். சுமைக்காரர்கள் மலையாளத்தில் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். அவள் மலையாளத்தில் பதில் சொல்லி ஒதுங்கிவிட்டு, போனில் மறுபடி தமிழுக்குப் போனாள். சந்து திரும்பும் வரை அந்தத் தமிழ் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொல்லும் எனக்கானதல்ல. எனக்கென்று அவள் மாடியில் விட்டுப்போயிருந்தது மலையாளத்தில் ஒரே ஒரு வாக்கியம்.